நம்ம கேஸ்

ஜூன் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் போட இப்போதுதான் அனுமதி கிடைத்தது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழுதுகொண்டிருக்கிறேன் என்று எழுதினால் நீயும் அழுவாய். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழக்கூடாது. ஆகையால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

தீர்ப்பு சொன்ன அன்று வேனில் ஏற்றும்போது கூட வந்த பெண் போலீஸ், "வாம்மா, மாமியார் வீட்டுக்குப் போலாம்" என்று சிரித்தாள். எல்லாரும் சொல்கிற கேலிதான். என் நிஜ மாமியார் வீட்டில், மகளோடு வெளியேறும் வரைக்கும் நான் பட்டது உனக்குத் தெரியும். அதற்கு இது தேவலை, இங்கே குத்தல் பேச்சாவது குறைவு. 'அவ கம்பி எண்ணிக்கிட்டு இருக்கா' என்று தெருவில் யாராவது சொன்னால், எண்ணுவதற்கு இங்கே கம்பியே இல்லை என்று சொல். கதவு முழுக்கத் தகடு. மேலே கையகலத்துக்கு ஒரு ஓட்டை.

இங்கே பேச்சே தனி. யாரும் பேர் கேட்பதில்லை, "என்ன கேஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். கேஸே பேராகிவிடுகிறது. பக்கத்துப் பாயில் இருப்பவள் செக் அக்கா. மூலையில் இருப்பவள் ஆயுள். வந்த அன்றே ஒருத்தி, "நீ ரிமாண்டா, தண்டனையா?" என்றாள். நான் விழித்தேன். விசாரணை முடியாதவள் ரிமாண்டு, முடிந்தவள் தண்டனை. வெளியே தண்டனை என்றால் ஒருவருக்குக் கொடுப்பது. இங்கே அது ஆள். நான் தண்டனை. கூப்பிடுகிற பேர் பாய்லர் அக்கா.

இன்னொன்றும் கேள். இங்கே 'போயிட்டு வரேன்' என்று யாரும் சொல்லக் கூடாது. ரிலீஸ் ஆகிப் போகிறவள் "போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வாய் தவறி "வரேன்" என்று சொன்னவளை நேற்று ஆயுள் முதுகில் ஒன்று வைத்தாள். நம் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள், ஞாபகம் இருக்கிறதா?

ஒரு விஷயம். இங்கே ஒரு மேடம் நம் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். நீ எழுதுவதும் அவர் கண்ணில் பட்டுத்தான் என்னிடம் வரும். ஆகையால் கோர்ட் வராந்தாவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம். நம் சலவைக் கடை பாய்லர் வால்வில் ஹேங்கர் கம்பியைக் கட்டியது நான் என்று ஜட்ஜ் முன்னால் சொன்னேன். லைசென்ஸும் என் பேரில். அதோடு சரி. ஆனால் நீ எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய். என் மகளுக்கு விவரம் தெரிகிற வயது வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதாக. அதை மட்டும் மறக்காதே.

என் வாலு ராத்திரி போர்வையைக் காலால் உதைத்துவிடுவாள். பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

உன் எழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கவே கை வரவில்லை. இவர்தான் பிரித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு பிடி பிடிப்பார். இப்போது பாதியிலேயே கை நின்றுவிடுகிறது.

எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் நீ எங்களுக்குத் தெய்வம் அக்கா. இதையாவது எழுதவிடு.

நம்ம கேஸை மேலே கொண்டுபோக முடியுமா என்று வக்கீலிடம் மறுபடியும் கேட்டோம். ஒத்துக்கொண்ட கேஸில் மேலே போய் ஒன்றும் ஆகாது என்கிறார். நம்ம கேஸ் மாதிரி இன்னொன்றில் பாதியிலேயே விட்டார்களாம். நம்ம நேரம் எப்படியோ.

பாய்லர் வெடித்ததில் இடிந்த கடையின் பின்பக்கச் சுவரை எழுப்பியாகிவிட்டது. நம்மிடம் வேலை செய்த இஸ்திரி அக்கா கடைசியாக நின்ற இடத்தில் மேசை போட இவருக்கு மனசு வரவில்லை, ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார். வாலு அந்தப் பக்கமே போவதில்லை. சின்னதிலிருந்து இஸ்திரி அக்காவின் இடுப்பில் ஏறி வளர்ந்தவள்தானே. சூடான பெட்ஷீட்டில் சுற்றி இவளை அவள் தூங்க வைப்பாளே, அதையே கேட்டு அடம் பிடிக்கிறாள். நீ வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டாக்டர் என்னை நடக்கக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாலு சுவர், ஒரு ஃபேன். எனக்கும் இங்கே ஜெயில்தான் அக்கா. கல்யாணமே ஆயுள் தண்டனை என்று நம் பெரியம்மா சொல்வாளே, அது சரிதான் போலிருக்கிறது.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 1

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஆயுளுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாணம் ஆயுள் தண்டனை என்ற இடத்தில் சிரித்தாள் பார், வார்டர் வந்து தகட்டைத் தட்டுகிற அளவுக்கு. "எனக்கு ரெண்டும் கெடைச்சுதுன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு. முதல்ல அவன், அப்புறம் அவனால இது" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் பாயில் படுத்த பிறகு கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். உனக்குக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள், எனக்கு வெளிப்பக்கம். நானும் வெளியே இருந்தபோது வாய்க்கு வந்தபடி சொன்னவள்தான். ஓட்டல்காரன் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்பினால் 'இந்தக் கடை ஒரு ஜெயிலு' என்பேன். உன் வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் 'என்னை என்ன குற்றவாளிக் கூண்டிலா நிறுத்துறீங்க' என்பேன். கூண்டு எப்படி இருக்கும் தெரியுமா? இடுப்பளவு மரச்சட்டம். பிடித்துக்கொள்கிற இடத்தில் மட்டும் பாலிஷ் போய் வழவழவென்று இருக்கும். எத்தனை பேர் பிடித்த இடம் அது. நான் கை வைத்தவுடன் எடுத்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை பிறந்ததும் எழுது. வாலுவை மனு போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்னைப் பார்க்க வேண்டாம். நீ மட்டும் வா.

அக்கா


மார்ச் 9

அக்கா,

பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். அவன் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கிறது, அதனால்தான் எழுதவில்லை. மூன்று மாதமாகப் பார்க்க வராததற்குக் கோபமாக இருப்பாய். வேண்டுமென்று வராமல் இல்லை. அங்கே வாசலில் வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடம்பெல்லாம் கூசுகிறது. உனக்குப் புரியும்.

வாலுவின் பள்ளிக்கூடத்தில் ஒரு தகராறு. இவளோடு படிக்கிற பெண் எல்லார் முன்னாலும் "உங்க அம்மா கொலைகேஸு" என்று சொல்லியிருக்கிறாள். ஜட்ஜ் சொன்னது கவனக்குறைவால் மரணம். அத்தனை நீளமாக யார் சொல்லப்போகிறார்கள்? இவள் அந்தப் பெண்ணைக் கடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை மாற்றிவிட்டோம். புது இடத்தில் அம்மா பேர் என்று கேட்டிருந்த இடத்தில் என் பேரைப் போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு நல்லது என்றுதான்.

வீட்டுக்கு வந்து, அம்மா எங்கே, என்ன செய்தாள் என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீ கவலைப்படாதே.

புது பாய்லர் வாங்கியாகிவிட்டது. கடையில் தலைக்கு மேல் வேலை.

தங்கச்சி


மார்ச் 24

தங்கச்சிக்கு,

ஏதோ சொல்லிச் சமாளித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'ஏதோ' என்ன?

பள்ளிக்கூடத்தில் உன் பேரைப் போட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. கேட்கிற பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்துவிட்டது என்று அர்த்தம். எழுத வேண்டாம், யார் காதிலும் விழ வேண்டாம். அவளை மட்டும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு சொல். சின்னவள்தான், ஆனால் வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். பல் விழுந்ததையே எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தவள் அவள்.

இஸ்திரி அக்காவை நான் கொன்றேன் என்று அவள் நினைத்துக்கொண்டு வளரக்கூடாது. மற்றவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். தெரிந்துதான் தலையில் போட்டுக்கொண்டேன். அவள் மட்டும் வேண்டாம்.

வேலை நெருக்குகிறது என்கிறாய். வால்வு சத்தம் போடுகிறதா? போட்டால் போடட்டும், நீராவி போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அக்கா


மே 17

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ கோர்ட்டில் சொன்னதைத்தான் அவளிடம் சொன்னேன். அம்மா வால்வில் கம்பி கட்டிவிட்டாள், அதனால் பாய்லர் வெடித்தது, இஸ்திரி அக்கா போய்விட்டாள், அம்மா அதற்காக உள்ளே இருக்கிறாள் என்று. வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? நீயே ஒத்துக்கொண்டதுதானே. ஊருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று சொன்னால் அவள் குழம்பிப் போவாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உளறினால், உன் கேஸை மறுபடியும் கிளறினால், என் பையனுக்கு அப்பா இருப்பாரா?

மூன்று நாள் அழுதாள். பிறகு அழவில்லை. நன்றாகப் படிக்கிறாள். ஆறாவதில் இரண்டாவது ரேங்க்.

உன் கேஸால் எங்களுக்கு வந்த கஷ்டத்தைப் பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை. எழுதவும் மாட்டேன்.

தங்கச்சி


ஜூன் 8

தங்கச்சி,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தேன். இங்கே செய்ய வேறு என்ன இருக்கிறது? தையல் பிரிவில் போர்வைக்கு ஓரம் அடித்துவிட்டு வந்தால் படிக்க இதுதான்.

முதல் கடிதத்தில் நம்ம கேஸ் என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நம்ம கேஸ், நம்ம நேரம். போன கடிதத்தில் உன் கேஸ் ஆகிவிட்டது. நான் பார்க்காத நேரத்தில் எப்போது கை மாறியது அது?

செக் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இதெல்லாம் பழக்கம். "முதல்ல நமக்கு இப்படி ஆயிடுச்சேம்பாங்க. அப்புறம் உனக்கு இப்படி ஆயிடுச்சேம்பாங்க. கடைசியில நீ பண்ணதுக்குத்தானேம்பாங்க. உன் தங்கச்சி ரெண்டாவதுல இருக்கா" என்றாள். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நீ செய்தது துரோகம். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன்னைத் தூக்கிவிட நான் குனிந்தேன், நீ என் முதுகில் ஏறி என் பிள்ளையை எடுத்துக்கொண்டாய்.

இன்னும் காலம் போய்விடவில்லை. சொல்லிவிடு. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் எழுதி. நீ போட்டதெல்லாம் வந்தது. பிரிக்காமல் வைத்தேன். பிரித்தால் என்ன இருக்கும் என்று தெரியும்.

தண்டனையில் கொஞ்சம் கழித்து உன்னை வரும் மாதம் விடப்போகிறார்கள் என்று வக்கீல் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு படி. வாலு என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன் கூப்பிடுவதைப் பார்த்து அவளுக்கும் அப்படியே வந்துவிட்டது. முதல் தடவை நான் திடுக்கிட்டேன். பிறகு தடுக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்து துணிக்கு நம்பர் துண்டு குத்துகிறாள். சித்தப்பாவுக்கு வலது கை மாதிரி. கடையும் நன்றாகப் போகிறது. புது பாய்லர் எவ்வளவு வேலை கொடுத்தாலும் சத்தமே போடுவதில்லை, அவ்வளவு நல்ல மெஷின்.

உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் எழுந்து போய்விடுகிறாள். நீ செய்த தப்புக்கு அந்தப் பிள்ளை நிறைய பட்டுவிட்டது. வெளியே வந்ததும் இங்கே வராதே. கொஞ்ச காலம் போகட்டும். நானே பக்குவமாகச் சொல்லி ஒருநாள் கூட்டிவருகிறேன்.

உன் சேலை, உன் தையல் பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுது.

தங்கச்சி


டிசம்பர் 15

தங்கச்சி,

செக் அக்கா சொன்ன மூன்றாவதற்கும் வந்துவிட்டாய். நீ செய்த தப்பு என்று எழுதியிருக்கிறாய். இதை எழுதும்போது உன் பேனா நிற்கவே இல்லையா? உண்மையிலேயே நான்தான் செய்தேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டாயா? பொய் சொல்கிறவளோடு சண்டை போடலாம். நம்புகிறவளோடு என்ன பேசுவது?

இத்தனை நாள் மேடம் படிப்பார் என்று அடக்கி வைத்ததை இன்று எழுதுகிறேன். படிக்கட்டும்.

அன்று நான் ஆஸ்பத்திரிக் கோட்டுகளை டெலிவரி கொடுக்க வேனில் போயிருந்தேன். ஓட்டல் பெட்ஷீட் மலையாகக் கிடந்தது. அழுத்தம் ஏறி ஏறி வால்வு திறந்து நீராவி போய்க்கொண்டே இருந்தது, பிரஸ் சூடாகவில்லை. உன் வீட்டுக்காரர் ஒரு ஹேங்கரை நிமிர்த்திக் கம்பியாக்கி, வால்வு திறக்க முடியாதபடி அதன் கைப்பிடியை இழுத்துக் கட்டினார். நீ பக்கத்தில் நின்றாய். இஸ்திரி அக்கா "வேணாம் சார், பயமா இருக்கு" என்று சொன்னாள். இதை எனக்குச் சொன்னது யார்? நீதான். ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்.

லைசென்ஸ் என் பேரில், எப்படியும் எனக்குத் தண்டனை உண்டு என்றார் வக்கீல். அவர் பேரைச் சொன்னால் அவரும் உள்ளே போவார். நீ வயிற்றுப் பிள்ளையோடும் என் மகளோடும் தெருவில் நிற்பாய். அதனால் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். உன் வீட்டுக்காரருக்காக இல்லை. உனக்காக, வாலுவுக்குச் சோறு போட ஒரு கை வேண்டும் என்பதற்காக.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிடட்டும். அதைப் படித்தும் என் உயிர் போய்விடவில்லை. உயிர் போனது அதற்குக் கீழே இருந்த வரியில். எவ்வளவு வேலை கொடுத்தாலும் சத்தமே போடாத பாய்லரா? வேலை நெருக்குகிற நாளில் உஸ் என்று ஒரு தடவையாவது சொல்லாத பாய்லரை நான் பார்த்ததே இல்லை. சொல்லவில்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்து நம்பர் துண்டு குத்துகிறாள்.

இன்றைக்கே போய்ப் பார். அவிழ்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுது. எழுதினால் நான் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன், சத்தியம். எழுதாவிட்டால் வருவேன்.

செக் அக்கா போன வருடமே போய்விட்டாள். தையல் கடை வைத்திருக்கிறாள், அவளோடு தங்குவேன். விலாசம் கீழே இருக்கிறது.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷம்தானே?

உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். சும்மா பயமுறுத்துகிறாள் என்றார். நானும் பதில் போடவில்லை. அது என் தப்பு என்றே வைத்துக்கொள். அதற்காக வேலை நேரத்தில், ஆட்கள் முன்னால், நீ அப்படி வந்து நிற்க வேண்டுமா? முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போன அதே சேலை, உடம்பில் நிற்காமல் தொங்கியது. கவுன்டரில் இருந்த வாலு உன்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. நீயும் அவளிடம் நிற்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆச்சரியம். இத்தனை வருடம் கழித்துப் பெற்ற பிள்ளையைத் தாண்டிக்கொண்டு பாய்லரிடம் போனாய்.

"யாரைக் கேட்டு உள்ள வர்றீங்க?" என்று இவர் கேட்டார். நீ காதில் வாங்கவில்லை. எல்லாரையும் தெருவுக்குப் போகச் சொன்னாய். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, போனார்கள். பழைய முதலாளி குரல் உனக்கு அப்படியே இருக்கிறது. அடுப்பை அணைத்தாய். அழுத்தம் காட்டுகிற முள் இறங்குகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பிறகு முக்காலியில் ஏறி, வால்வில் சுற்றியிருந்ததை மெதுவாகப் பிரித்தாய். நாங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதே மாதிரி ஹேங்கர் கம்பி. நான் பார்த்ததில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பார்க்காமல் இருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நாலு வருடமாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ பேசாததால்தான் வாலு பேசினாள். உள்ளே வந்து உன் கையில் இருந்ததைப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள்.

"அம்மா உள்ளதானே இருந்தாங்க. அப்ப இதை யாரு கட்டுனது?"

அம்மா என்று உன்னைச் சொன்னாள். நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நீ கிளம்பிப் போய்த் தெருமுனையில் நின்றாய். கூப்பிடக்கூட இல்லை. அவளாகத்தான் மாடிக்குப் போய் இரண்டு சுடிதாரும் புத்தகமும் பையில் திணித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பையன் காலைக் கட்டிக்கொண்டான், அவனைத் தூக்கி முத்தம் கொடுத்து என் கையில் விட்டாள். "போறேன் சித்தி" என்றாள். போயிட்டு வரேன்னு சொல்லும்மா என்று கெஞ்சினேன். சொல்லவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் வயசுக்கு வந்து உட்கார்ந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். அதெல்லாம் பொய் இல்லை அக்கா. இதையாவது அவளிடம் சொல்.

அந்தக் கம்பியைக் கையோடு கொண்டுபோய்விட்டாய். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று தெரியாமல் இவருக்குத் தூக்கம் இல்லை. கை எடுத்துக் கும்பிடுகிறேன், தூக்கிப் போட்டுவிடு. பட்டதெல்லாம் போதும். நம்ம கேஸ் மறுபடியும் கிளம்ப வேண்டாம்.

தங்கச்சி


ஜனவரி 29

தங்கச்சி,

நம்ம கேஸ் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று அந்த வார்த்தையைப் பார்த்து. உன் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போனதும் அது மறுபடியும் நம்முடையது ஆகிவிட்டது.

நான் ஜெயிக்கவில்லை. வாலு என்னோடு இருக்கிறாள், ஆனால் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'நீங்களும்தானே பொய் சொன்னீங்க' என்றாள். நீ காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். தெரியும் என்றாள்.

பாய்லரைப் பார்க்க இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வருவார்கள், எழுதிப் போட்டிருக்கிறேன். வந்து பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் அடுப்பு மூட்டாதே. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் யாராவது இருக்கிறார்கள்.

கம்பியைப் பற்றிக் கேட்டாய். இஸ்திரி அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது வாலுதான். போனோம். இஸ்திரி அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கம்பியை அவர் கையில் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். யார் கட்டியது, யார் பக்கத்தில் நின்றது, கோர்ட்டில் நான் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன் எல்லாம். நீயும் நானும் அதை உன் கேஸ், நம்ம கேஸ் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் வீட்டு வாசலில் நான் நின்றபோதுதான் தெரிந்தது, அது ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை.

அவர் கத்தவில்லை. கம்பியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவ வேணாம்னு சொன்னாளா?"

"சொன்னா" என்றேன்.

கம்பி இப்போது அவரிடம் இருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை.

போறேன்.

அக்கா